சாமி பாக்குறாக

மதத்தையும் மனித ஒத்துழைப்பையும் ஆராய விஞ்ஞானமும் தத்துவமும் கைகோக்க வேண்டும் என்று சென்னையில் முடிவாயிற்று. எனவே உளவியல் பேராசிரியரும் தத்துவப் பேராசிரியரும் ஒரே ஜீப்பில், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பியபடி, நாச்சியாபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் நடுவில் நசுங்கி வந்தவன் உதவியாளன் அழகுசுந்தரம். சிவகங்கைக்காரன். ஆராய்ச்சி தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மாமனாரின் மாவுமில்லில் எடுபிடி. மாமனார் அதற்காக இப்போதே சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிராமத்தில் கோடைதோறும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து ஊருணியைத் தூர் வாருவார்கள். கூலி கிடையாது. ஆனாலும் யாரும் டிமிக்கி கொடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "சாமி பாக்குறாக. எப்படி ஏய்க்கிறது?" முஸ்லிம்களும் அதையே சொன்னார்கள்.

"கண்காணிக்கும் கடவுள்" என்றார் உளவியல்.

"மதங்களைக் கடந்த பரம்பொருள்" என்றார் தத்துவம்.

இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். மனித ஒத்துழைப்புக்கு அதைவிடப் பெரிய சான்று அந்த ஆராய்ச்சியில் கிடைக்கவில்லை.

அழகுசுந்தரத்துக்கு அந்த 'பாக்குறாக' உறுத்தியது. அவன் அறிந்தவரை கடவுள் 'பாக்கும்'. 'பாக்குறாக' என்றால் வேட்டி கட்டிய ஆள். மண்கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய மீரான் சாகிபுவிடம் போனான்.

"எந்தச் சாமியச் சொல்றீக பாய்?"

"அந்தா, கரையில குடையோட உக்காந்திருக்காகள்ல, தங்கச்சாமி. ஊருக்கே அவுக சாமிதான். மெட்ராஸ்காரவுக என்னண்டு எழுதுனாக?"

"கடவுள்னு."

"அவுக காதுல போட்றாதீக. பிறகு பிடிக்க முடியாது."

"அவுக பார்த்தா அம்புட்டுப் பயமா?"

"எங்குட்டுப் பாக்குறது? ரெண்டு கண்ணுலயும் புரை. எதுத்தாப்புல நிக்கிறது நானா எருமையாண்டு தெரியாது. அதை ஊருக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்காகளாம்."

"பிறகு எதுக்கு இந்தப் பாடு?"

மீரான் சாகிபு குரலைத் தாழ்த்தினார். "சாயந்தரம் எந்திரிச்சு நிண்டு, 'எல்லாரும் வந்தாச்சு'ண்டு கம்பீரமாச் சொல்லுவாக. ஒருத்தன் குறைஞ்சாலும் அது தப்பாப் போயிருமே. குட்டு உடைஞ்சா மனுசன் தாங்கமாட்டாக."

அழகுசுந்தரம் கரையில் இருந்த குடையைத் திரும்பிப் பார்த்தான். கட்டுரை, இரண்டு பேராசிரியர்கள், தன் வேலை எல்லாம் ஒரு கிழவரின் புரையில் தொங்குவது புரிந்தது. ஆனாலும் ஜீப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டான்.

"சார், சாமிக்குக் கண்ணு தெரியாது."

தத்துவம் கண்களை மூடிக்கொண்டார். "ஆகா. பாராமல் பார்க்கும் பொருள். பாமரன் வாயில் என்ன ஒரு வாக்கு."

"இல்ல சார். சாமிங்கிறது ஒரு ஆளு."

"உருவ வழிபாடு" என்றார் உளவியல், மகிழ்ச்சியோடு. "அதற்குத் தனி அத்தியாயமே போடலாம். எழுதிக்கோப்பா."

மூன்றாம் முறையும் சொல்ல வாயெடுத்தவன் யோசித்தான். உண்மையை இரண்டு தடவை சொல்லியாயிற்று. நிரந்தர உத்தியோகத்தில் இருப்பவர்கள் அதற்குமேல் சொல்வதில்லை.

எழுதிக்கொண்டான்.