மூன்றாம் மணி

பத்தொன்பது வருஷம் கோயில் உற்சவ மேடைகளில் அழுகிற அம்மாவாக நடித்தவள் நான். கொரோனாவில் எங்கள் நாடகக் குழு கலைந்தது. படித்த எம்.ஏ. மலையாளம் எதற்காவது உதவட்டும் என்று, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்த வந்தேன். ஞாயிறுதோறும் பஞ்சாயத்து மாடி அறையில் வகுப்பு. அறை கொடுத்தவர் பிரசிடெண்ட் சதானந்தன். அதை ஒரு நாளும் மறக்கவிட மாட்டார்.

ஓண விழாவுக்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"வல்சலா, நீ நாடகக்காரிதானே? உன் ஆளுங்களை வெச்சு ஒரு காமெடி போடு. படிக்கத் தெரியாத முட்டாள் ஒருத்தி தப்பான பஸ்ல ஏறுறா, இருமல் மருந்துன்னு மூட்டைப்பூச்சி மருந்தக் குடிக்கிறா... ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தக் கயிறு திரிக்கிற தங்கம்மாவுக்கு மேக்கப்பே வேணாம்."

எனக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது. "மாட்டேன்" என்றேன்.

"அப்ப ரூம் சாவியைக் கொடுத்துட்டுப் போ. அடுத்த மாசம் பரீட்சையாமே? தென்னமரத்தடியில நடத்திக்க."

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் வகுப்பில் சொன்னேன். மீன் வண்டி ஓட்டும் அவுசேப் தலையைச் சொறிந்தார். "போட்டுடலாம் டீச்சர். ரூம் போனா பரீட்சையும் போச்சு. அறுபது வயசுல இனிமே என்ன மானம்?"

மற்றவர்கள் குனிந்து பெஞ்சைப் பார்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நானும் மேடையில் கன்னத்தில் எத்தனையோ அறை வாங்கியிருக்கிறேன், சம்பளத்துக்கு. இவர்கள் எதற்கு வாங்க வேண்டும்?

தங்கம்மா நிமிர்ந்தாள். "டீச்சர், மூணாவது மணி அடிச்சுத் திரை தூக்கிட்டா, நடுவுல யாரும் இறக்க முடியாதுன்னு சொல்வீங்களே?"

"ஆமா. ஆட்டம் முடியறவரைக்கும் கயிறு எங்க ஆளு கையிலதான் இருக்கும்."

"அப்ப நாடகம் போடுறோம்னு பேர் கொடுங்க."

ஓணத்தன்று முன்வரிசையில் சதானந்தன் வெள்ளை வேட்டியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் மணி அடித்தது. திரையை நானே தூக்கினேன். என் வகுப்பு முழுக்க மேடையில் நின்றது. ஒருவர் முகத்திலும் சாயம் இல்லை. தங்கம்மா மைக்கைப் பிடித்தாள்.

"நாடகம் ரெடி. டாக்டர் இருக்காங்க, கண்டக்டர் இருக்காரு. முட்டாள் வேஷத்துக்கு மட்டும் எங்க கிளாஸ்ல ஆள் இல்ல. பிரசிடெண்ட் சார், உங்களுக்கு மேக்கப்பே வேணாம். மேல வாங்க."

கடைசி வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள், மைதானமே சேர்ந்துகொண்டது.

"திரையை இறக்குடீ!" என்று சதானந்தன் எழுந்து கத்தினார்.

கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். இன்னொரு கையால் இடுப்பிலிருந்த சாவியை உருவி அவர் காலடியில் விட்டெறிந்தேன். இன்னும் எறிய ஏதும் இல்லையே என்று கோபம் வந்தது.

அவுசேப் என் பக்கம் சாய்ந்தார். "என் வண்டிக் கொட்டகை சும்மாதான் கிடக்கு டீச்சர். மத்தி நாத்தம் அடிக்கும். ஞாயித்துக்கிழமை வந்துடுங்க."