துரைக்குக் கழலாத தொப்பி

வெள்ளைப்பாறை டிவிசனில் நிஷாந்தினி பின்னும் கம்பளித் தொப்பிகள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் கழலுவதில்லை. மற்ற இடங்களில் அவை ஊர் உலகத்துத் தொப்பிகளைப் போலத்தான் நடந்துகொள்ளும். மாரியம்மன் கோயில் வாசலில் கழலும், சலூன் கதிரையில் கழலும், பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னால் கழலும், படுக்கும்போது தானாகவே கழன்று தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். துரையின் வெள்ளை ஜீப் பெக்டரித் திருப்பத்தில் தெரிந்தால் மட்டும் காதோடு சேர்த்துத் தலையைக் கவ்விக்கொள்ளும். பூனாகலைப் பக்கம் இதை இப்போது யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

நிஷாந்தினி கொழுந்து பறிப்பவள். கொரோனா வந்து ஊரையே அடைத்துவைத்த வருஷம், எந்த நாட்டுக்காரியோ வாய் திறக்காமல் கையை மட்டும் காட்டிப் பின்னிய வீடியோவை போனில் பார்த்துப் பார்த்துப் பழகினாள். ஊசிக்கு ஒடிந்த குடையின் கம்பி. நூலுக்கு, பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் குவித்துப்போட்டு விற்கும் பழைய ஸ்வெட்டர்கள். அவற்றைப் பிரித்து, அலசி, நாற்காலி முதுகில் சுற்றிக் காயவைத்து, தொப்பியும் ஸ்வெட்டருமாக மறுபடி பின்னுவாள். இதற்காக லயத்து வரிசை வீடுகளில் அவள் வாங்காத பேச்சில்லை. நாளெல்லாம் மலை ஏறி இறங்குகிறவளுக்குப் பொழுதுபோக்கு ஒரு கேடா என்று அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ரெங்கம்மா வாசலில் நின்றே கேட்டாள். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்குக் கடை வைத்திருக்கும் ஜாபிர் தேடி வந்து, பின்னுவதையெல்லாம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "விக்கிறதுக்கு இல்லைங்க. பிடிச்சிருக்கு, பின்னுறேன்" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. அவள் புருஷன் அஜந்தனுக்கும் முழுசாக விளங்கவில்லைதான், ஆனால் கையிலிருக்கும் வரிசை முடியும்வரை சோறு கேட்காமல் காத்திருப்பான். நல்ல மனுஷன்.

அவளுடைய மாமனார் மாடசாமி தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். துரை வந்தால் தலையில் இருப்பதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, பாதையை விட்டுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிப்போன விஷயம். மற்றத் தோட்டங்களில் அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. வெள்ளைப்பாறைக்கு வந்த துரைமாருக்கோ அது ருசியாக இருந்தது, அவர்களாக எதற்கு நிறுத்தப்போகிறார்கள்? வெள்ளையாக எந்த வாகனம் வந்தாலும் மாடசாமியின் கை தலைக்குப் போய்விடும். ஒருநாள் பெரகலயிலிருந்து பாண் ரொட்டி விற்க வந்த வானுக்கும் கானுக்குள் இறங்கி வளைந்து நின்றார். பாண்காரர் மபாஸ் பதறிப்போய் இறங்கி, "ஐயோ அண்ணே, இது நானு" என்று மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். லயமே சிரித்தது. நிஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. அன்று சாயந்தரம் சிவப்புக் கம்பளியை எடுத்துவைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டே பின்னினாள்.

தை மாதக் குளிரில் மாடசாமி அந்தத் தொப்பியோடு பெரட்டுக்களத்துக்குப் போனார். காலையில் அங்கேதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். ஜீப் வந்து நின்றது. மாடசாமியின் கை தலைக்குப் போய் இழுத்தது, தொப்பி வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். துரை பார்த்துக்கொண்டே நின்றார். பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை ஓடிவந்து தொப்பியின் உச்சியைப் பிடித்துத் தூக்க, மாடசாமியும் சேர்ந்து தரையை விட்டு ஒரு முழம் எழும்பினார். கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள், அது கம்பளியில் பட்டு மழுங்கியது. கவ்வாத்துக் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. எல்லாம் ஓய்ந்தபோது மாடசாமியின் கைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் அவை கீழே இறங்கின. வளைந்து நிற்க ஒரு காரணமும் இல்லாததால் முதுகு நிமிர்ந்தது, நிமிர்ந்துகொண்டே போனது. அவர் நெட்டையான ஆள் என்று தோட்டத்துக்கு அன்றுதான் தெரிந்தது. பெற்ற மகன் அஜந்தனுக்கே அதுவரை தெரியாது. சாயந்தரம் காம்பராவுக்குள் நுழையும்போது நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

மறுநாள் துரை நிஷாந்தினியை ஆபீசுக்கு அழைத்தார். கம்பி, கம்பளி எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், இனித் தோட்ட எல்லைக்குள் பின்னக்கூடாது என்றார். மீறினால் வீட்டில் மூன்று பேருக்கும் பேர் கிடையாது, வேலைக்குப் பேர் இல்லாதவர்களுக்குக் காம்பராவும் கிடையாது. அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் உலகத்தில் அவர்களுக்கென்று ஓரடி நிலம் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பேர் குடுக்கிறது கொழுந்து பறிக்கத்தானுங்களே சார். கொழுந்து நிறுத்துப் போட்டப்புறம் கை என்னோடதுங்க."

"அப்படியென்றால் அந்தக் கிழவனைத் தொப்பியைக் கழற்றச் சொல்."

"அது மாமாவோட தலைங்க சார். அவர்கிட்டயே கேளுங்க."

அடுத்த காலையில் மூன்று பேரையும் கூப்பிடவில்லை. "தாயி, அந்தக் கம்பிய குடுத்துருவோமா? போக எடமில்லையே நமக்கு" என்றார் மாடசாமி. அவள் பதில் யோசிப்பதற்குள் அவரே, "வேணாம், வேணாம். இப்ப குனிஞ்சா முதுகு வலிக்குது" என்றார்.

வேலை இல்லாத கையோடு நிஷாந்தினி பெரட்டுக்களத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்து, எல்லார் கண்ணும் படப் பட்டப்பகலில் பின்னினாள். முதலில் எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள், பயம்தான். பிறகு, அவளை அதிகம் ஏசிய அதே ரெங்கம்மா தன் பழைய பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "இத பிரிச்சு எனக்கொன்னு போடு புள்ள" என்றாள். அதற்குப்பின் வரிசை நின்றது. ஒரு ஸ்வெட்டரைப் பிரித்தால் ஒன்பது தொப்பி வந்தது, கம்பளி குறையவே இல்லை. மாசி பிறக்கும்போது டிவிசனில் தொப்பி இல்லாத தலை கணக்கப்பிள்ளையுடையதும் துரையுடையதும்தான்.

தொப்பி போட்டவருக்குப் பேர் இல்லை என்று துரை அறிவித்தார். அப்படியானால் கூப்பிட ஆளே இல்லை. சனம் சத்தம் போடவில்லை, திரும்பிப் போய் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி குடித்தது. மழை பெய்து ஓய்ந்த நேரம், தளிர் தள்ளிக்கொண்டு வந்தது. பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றி, செடிகள் ஆளுயரம் வளர்ந்து, பங்களா ஜன்னல்கள்வரை ஏறிப் பகலையே இருட்டாக்கின. பெக்டரி நின்றது. கொழும்பிலிருந்து கம்பனிக்காரர்களின் போன் ஓயாமல் வந்தது. கடைசியில் ஒரு காலையில் கணக்கப்பிள்ளை லயத்து வாசலுக்கே வந்து முதல் பேராக நிஷாந்தினியைக் கூப்பிட்டார். அவரும் காதில் குளிர் தாங்காமல் ஒரு தொப்பி கேட்டார் என்பது தனிக்கதை. துரையை மொனராகலையில் ஒரு றப்பர் தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே அடிக்கிற வெயிலுக்குக் கம்பளித் தொப்பி போடுவாரில்லை, நிம்மதியாக இருக்கிறாராம்.

புதுத் துரைக்குப் பெக்டரிச் சாவிகளோடு இந்தச் செய்தியையும் சொல்லித்தான் பொறுப்புக் கொடுத்தார்கள். இங்கே தொப்பி கழலாது என்று சொன்னவர்கள், கழலாவிட்டால் துரை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். முதல் நாள் பெரட்டில் ஜீப்பை விட்டு இறங்கியவர், பனிக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நிமிர்ந்து நிற்கும் தலைகளைப் பார்த்தார். எல்லாக் கண்ணும் அவர்மேல் இருந்தது. கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு தன் தலையிலிருந்த கடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஒரு வில்லங்கமும் இல்லாமல் கழன்று வந்தது.

நிஷாந்தினி மாமனாரைப் பார்த்தாள். மாடசாமி தன் உயரத்திலிருந்து துரையைப் பார்த்து, "சரிங்க சார், போட்டுக்கங்க. பனி விழுது" என்றார். துரை போட்டுக்கொண்டார். பேர் கூப்பிடத் தொடங்கினார்கள்.