தலை திரும்பினால் ஒரு சிப்பாய்

காத்தாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தது வகுப்பு ஆசிரியைதான். பொருத்தமான பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஜன்னலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தால் பாடம் அத்தோடு சரி. "இந்த வருஷமும் இப்படியே இருந்தா இவளை இந்த வகுப்புல வச்சுக்க முடியாதும்மா" என்று ஆசிரியை சொன்ன அன்று, தையல்காரி அம்மா வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுதாள். அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த ஒருத்திதான்.

பள்ளியின் சதுரங்க மாஸ்டர்தான் வழி சொன்னார். "வீட்டுல ரெண்டு பக்கமும் அவளே ஆடட்டும். வெள்ளை அவளோடது. நீங்க நடுநடுவுல கூப்பிடுங்க, தட்டைக் கீழே போடுங்க. தலை திரும்பினா ஒரு வெள்ளைச் சிப்பாயை எடுத்துடுங்க."

முதல் வாரம் சிப்பாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "அம்மா, நீ திருடி!" என்று கத்துவாள். அம்மா விடவில்லை. "ஐயோ, பாம்பு!" என்றுகூடப் புளுகிப் பார்த்தாள். மெல்ல மெல்ல அந்தத் தலை திரும்புவது நின்றது. கணக்கில் பாஸானாள். "இது அதே பொண்ணா?" என்று ஆசிரியை கேட்டபோது அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மா தன் அறையில் கம்பளித் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தூசி நெஞ்சில் ஏறியது. பழைய இழுப்புதான், ஆனால் இந்த முறை மூச்சு உள்ளே போகவே மறுத்தது. இன்ஹேலர் சமையலறையில், கைப்பைக்குள். நடுவில் கூடம். கூடத்தில் மகள், பலகைக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு.

"கண்ணு... இங்க வா... கண்ணு..."

முதுகு அசையவில்லை. கத்திரிக்கோலைத் தள்ளிவிட்டாள். அது விழுந்த சத்தத்துக்கும் அசையவில்லை. அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அவள் காதை அடைத்தது தன் கைதான். சுவரைப் பிடித்து நடந்து, பிறகு முடியாமல் தவழ்ந்து, மகளின் முதுகுக்குப் பின்னாலேயே கடந்து போனாள். தான் செத்து விழுந்தாலும் இவள் இப்படியே உட்கார்ந்திருப்பாள்.

மருந்தை இழுத்து, மூச்சு திரும்பி, அவள் சுவரில் சாய்ந்திருந்தபோது மகள் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆட்டம் முடிஞ்சுது! நீ எவ்வளவு கூப்பிட்ட, கத்திரிக்கோலைக்கூடப் போட்ட. நான் திரும்பவே இல்ல, பாத்தியா? இன்னைக்கு சூப்பரா நடிச்சம்மா!"

'ஆமாம்' என்று சொல்லிவிடத்தான் அம்மாவுக்கு ஆசை. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இனி எங்கே நிம்மதியாக உட்காரப் போகிறாள்? ஆனால் அடுத்த முறை தவழவும் தெம்பில்லாமல் போனால்?

"இன்னைக்கு நடிக்கல கண்ணு."

மகள் இன்ஹேலரைப் பார்த்தாள். அம்மாவின் உடையில் முழங்கால் பக்கம் ஒட்டியிருந்த தரை அழுக்கைப் பார்த்தாள். கூடத்துக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மெதுவாக எழுந்து வந்து பார்த்தாள். பலகை இடம் மாறி, அம்மாவின் அறை வாசலைப் பார்த்து இருந்தது. காய்கள் புதிதாக அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளை ராணி மட்டும் பெட்டிக்குள் கிடந்தது.

"ராணியை ஏன்டி எடுத்துட்ட?"

மகள் தலை நிமிராமல் சொன்னாள்.

"திரும்பாததுக்கு."