சாயங்கால இங்கிலீஷ்

டிவி மாட்டுவதற்காக ரூபஸ் வகுப்பறைச் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியை எஸ்தர்ராணி அதைச் சொன்னார். "டிவி, பெயின்ட் எல்லாம் சந்தோசம்தான்ப்பா. பாக்கதுக்குப் பிள்ளைக வேணும்லா? பதினோரு பேருதான் இருக்கு. இதுவும் கொறஞ்சா பூட்டிருவாங்க."

கழுகுமலை சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் படித்தவர்களை வாட்ஸ்அப்பில் தேடிப் பிடித்துச் சேர்த்தவன், சென்னையில் வேலை பார்க்கும் ரூபஸ்தான். காலாண்டு விடுமுறை ஞாயிறு என்பதால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். டீச்சர் சொன்னதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உள்ளூரில் இருந்தவர்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் காலையில் மஞ்சள் வேன் ஏறிக் கோவில்பட்டி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறவர்கள். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் சுடலைச்செல்வியின் மகள் சுபாவும் அந்த வேனில்தான் போகிறாள்.

"செல்வி, நீ ஊர்லதான இருக்க?" என்றான் ரூபஸ். "உம் பிள்ளையச் சேத்தா, பாத்துட்டு மத்தவங்களும் சேப்பாங்க."

"நீ உம் பிள்ளைய இங்கன சேப்பியா?"

"நான் சென்னையிலல்லா..."

"தெரியும். சும்மாதான் கேட்டேன்."

செல்வி எழுந்து நின்றாள். இந்த அறையில் அவள்தான் எப்போதும் முதல் ரேங்க். ஆறாம் வகுப்புக்குக் கோவில்பட்டி போன முதல் வாரம், ஆங்கிலப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு எந்தப் பாடத்திலும் அவள் வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்று, மறுவாரமே கம்பெனிக்குப் போனாள். சுபா வயிற்றில் இருந்தபோதே முடிவு செய்திருந்தாள், இந்தப் பிள்ளை அப்படி நிற்கக் கூடாது என்று. வேன் ஃபீஸுக்காக அவள் கணவன் இசக்கிமுருகன் ஞாயிற்றுக்கிழமையும் லோடு ஆட்டோ ஓட்டினான்.

"பள்ளிக்கூடத்த நான் கொற சொல்லல டீச்சர். ஆனா இங்கன இருந்து போய்தான் நான் இங்கிலீஷ்ல விழுந்தேன். எம் பிள்ளையும் விழணுமா?"

ரூபஸ் டேப்பைச் சுருட்டினான். சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜீனாதான் பேசினாள். செல்வியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பி.எட். முடித்து, சுபா படிக்கும் அதே கோவில்பட்டிப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள்.

"ஏட்டி, அங்க சுபாவுக்குச் சொல்லிக்குடுக்கது நாந்தான? நான் இங்கன வந்து சொல்லிக்குடுத்தா அது வேற இங்கிலீஷா?"

யாரோ சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. "சாயங்காலம் வருவியா?"

"வாரேன். ஸ்கூல் விட்டு நேரா வாரேன்."

"ஒரு மாசம் வந்துட்டு நின்னுருவ. உனக்கும் வீடு, பிள்ளைக எல்லாம் இருக்கு."

"நின்னா திரும்பவும் வேன்ல ஏத்தி விடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

செல்வி ஒத்துக்கொண்டாள். சவாரி முடிந்து வந்து அவளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் இசக்கிமுருகன் கேட்டான், "யோசிச்சுத்தான் சரின்னு சொன்னியா?"

"யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பள்ளி திறந்த திங்கட்கிழமை வேன் வழக்கம்போல் வந்து ஹாரன் அடித்தது. சுபா வரமாட்டாள் என்று செல்வியே போய்ச் சொன்னாள். வேன் சன்னல்களிலிருந்து பிள்ளைகள் சுபாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். சுபாவும் அசைத்தாள். வேன் திரும்பி மறையும்வரை செல்வி தெருவிலேயே நின்றாள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து சீக்கிரமே கிளம்பி, நனைந்துகொண்டே செல்வி பள்ளிக்கு ஓடிவந்தபோது, ஓடையில் தண்ணீர் வந்து தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்றார்கள். சாலையில் போக்குவரத்தே இல்லை. மணி ஐந்தைத் தாண்டியும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுபா அவர்களுக்கு ஏதோ ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, மிஸ் வருவாவளா?"

"மழைல்லா பிள்ள. நாளைக்கு வருவாவ." அதைச் சொல்லும்போது செல்வியின் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மழை விட்டிருந்தது. ஓடைக்கு மேல்புறம், உளுந்து முளைத்துக் கிடந்த கரிசல் காட்டு வரப்பில், மூழ்கிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் ஒரு உருவம் தெரிந்தது. தலையில் பாலித்தீன் பை, ஒரு கையில் செருப்பு. நாலு எட்டு வைப்பதும், நின்று குனிந்து காலில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழிப்பதும், மறுபடி நடப்பதுமாக வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்து, எழுந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்க் காம்பவுண்டுச் சுவரில் ஏறிக்கொண்டார்கள். அத்தனை தூரத்துக்குக் கேட்காது என்று தெரிந்தும், தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"குட் ஈவினிங், மிஸ்!"

வரப்பில் வந்த உருவம் நின்றது. செருப்பு பிடித்த கையை உயரத் தூக்கி ஆட்டியது.