நீச்சல் தெரிந்தவள்

மகளின் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் அம்மா. காலமெல்லாம் தையல் மெஷினில் பழகிய விரல்கள். துணி இழுபடாமல் முள் மட்டும் வந்தது.

“புதுசே வாங்கிட்டு வந்திருக்கேன்க்கா,” என்றான் தம்பி. கையில் துணிக்கடைப் பை. “ஆஸ்பத்திரில மாத்துத்துணி கேக்கறாங்க. இதையா குடுக்கப் போற? வெளுத்துப்போய்க் கெடக்கு.”

“இதுதான் அவளுக்குச் சரியா இருக்கும்.”

அவன் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

வன ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கும் அறை அது. இரண்டு கட்டில், குறுக்கே ஒரு கொடி, அதில் காயாத காலுறைகள். ஜன்னல் திண்டில் உலர்ந்த சாணம் சின்னச் சின்னக் காகித உறைகளில் வரிசையாக இருந்தது. உறைகளின் மேல் மகளின் கோணல் கையெழுத்து.

விலங்குகளின் தடம் பார்ப்பது, சாணம் சேகரிப்பது, மரங்களில் கட்டிய கேமராக்களைக் கவனிப்பது. இவைதான் அவள் வேலை. சேர்ந்த புதிதில் போனில், “இவ்ளோ படிச்சது சாணி பொறுக்கவாடி?” என்று அம்மா கேட்டதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அதைப் பாத்தாத்தாம்மா அது என்ன தின்னுச்சுன்னு தெரியும். நீ தெனம் போன் போட்டு என்னடி சாப்பிட்டேன்னு கேக்கறல்ல? அதே வேலைதான்.”

முந்தாநாள்கூடக் கேட்டாள். என்ன பதில் வந்தது என்று அம்மாவுக்கு நினைவில்லை.

தம்பியைத் தாண்டி ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். வீங்கிய கண்களை இடுக்கிப் பார்த்தாள். அம்மாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மகள் அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் இந்த முகத்தில் தடித்த கண்ணாடி இருக்கும்; அறைத்தோழியை மகள் சோடாபுட்டி என்றுதான் சொல்வாள்.

“நீதானா சோடாபுட்டி?”

அந்தப் பெண் தலையாட்டினாள். “கண்ணாடி தண்ணில போயிடுச்சும்மா.”

“நீயும் கூட இருந்தியா?”

“இருந்தேன்மா.”

“ரெண்டு பேரும்தானே போனீங்க. நீ ஏன் எறங்கல?”

“அக்கா…” என்றான் தம்பி.

“நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்.”

“மேல மழைன்னு சொன்னாங்க. ஆத்துக்கு அக்கரையில இருந்த கேமரா அடிச்சிட்டுப் போயிடும்னு எடுக்கப் போனோம். எனக்கு நீச்சல் தெரியாதும்மா. ‘எனக்குத் தெரியும், நீ இங்கயே நில்லு’ன்னு அவதான் சொன்னா. போறப்ப நல்லாத்தான் போனா. கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, கையெல்லாம் ஆட்டினா. திரும்பி வர்றப்ப திடீர்னு தண்ணி ஏறிடுச்சு. நான் இடுப்பளவு வரைக்கும் போனேன்மா. அதுக்கு மேல…”

அம்மாவின் விரல்கள் நின்றன.

பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு நீச்சல் என்று வீட்டுக்காரர் முறைத்தபோது, பிடிவாதமாகச் சேர்த்துவிட்டது அவள்தான். நீச்சல் உடையைத் தானே தைத்தாள். முதல் நாள் குளத்தின் விளிம்பில் அழுதுகொண்டு நின்ற பிள்ளையை, “தண்ணிக்கு எதுக்குடி பயம்?” என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதும் அவள்தான்.

மிச்ச முட்களையும் எடுத்தாள். கால்சட்டையை உதறி, மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினாள்.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போக ஜீப் வந்து நின்றது. தம்பி முன்னால் ஏறிக்கொண்டான். அந்தப் பெண் மழையில் நனைந்தபடி வந்து பின்கதவருகே நின்றாள்.

“நானும் வரட்டுமாம்மா?”

அம்மா இருக்கையில் இருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான இடத்தில் அந்தப் பெண் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

காட்டுப்பாதையில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. கொஞ்ச தூரத்திலேயே அந்தப் பெண் அசந்துவிட்டாள். அவள் தலை ஆடி ஆடி அம்மாவின் தோளில் விழுந்தது. ஈரத் தலைமுடியில் ஆற்றுச் சேற்றின் வாடை இன்னும் இருந்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். “எழுப்பட்டுமா?”

அம்மா நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளை விலக்கவில்லை. அணைத்துக்கொள்ளவும் இல்லை.

சாரல் திசை மாறி அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தது. அம்மா குறுக்கே கையை நீட்டி, ஜன்னல் கண்ணாடியை மெல்லச் சுற்றி ஏற்றினாள்.