ஐந்து நொடி

1987 நவம்பர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, பர்மாவில் மோல்மீன் கல்லூரியின் இடைநிலை ஆங்கில வகுப்பில், பதினாலாம் பாடத்துக் கேசட்டுக்குள் இருந்த பெண், மாணவி மா கின் லேயிடம், தன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கணவன் தினமும் வெளியே போகிறான் என்று சொன்னாள். அன்று மழை இல்லை. சந்தையில் இரால் விலை ஏறியிருந்தது. வகுப்பில் இருந்த மற்ற நாற்பது பேரும் அவள் சொன்னதைக் கேட்டார்கள். கேட்டதோடு விடவில்லை, ஒரு சொல் பிசகாமல் அதை உரத்த குரலில் திருப்பிச் சொல்லவும் செய்தார்கள். அதன் பிறகு பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கலைந்து சாப்பிடப் போனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வகுப்பில் கத்துவதுதான் பாடம். டேப் ரெக்கார்டர் ஒரு வாக்கியம் சொல்லும், பிறகு ஐந்து நொடி சும்மா ஓடும், அந்த ஐந்து நொடிக்குள் வகுப்பு அதைத் திருப்பிச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியை டோ தான் யின் குடைக் காம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அர்த்தம் என்று ஒன்று இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. அது பரீட்சைக்கு முந்தின வாரம் படித்துக்கொள்ள வேண்டிய விஷயம். புத்தகத்தில் பதினாலாம் பாடம் மூன்று வரிதான். மார்கரெட் என்ற பெண் தன் சாவியைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். டெனிஸ் என்ற கணவன் அலமாரி மேல் இருக்கிறது என்பான். மிக்க நன்றி என்பாள். அவ்வளவுதான். அன்று கின் லேவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கத்த முடியவில்லை. முதல் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவள், மார்கரெட்டின் குரல் என்னவோ பதைப்பாகப் படவே, அந்த ஐந்து நொடி இடைவெளியில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல, "சாவி எங்கே போயிற்று?" என்று கேட்டாள். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

பின் பெஞ்சிலிருந்த கோ ஸோ டுன் படகு மெக்கானிக்கின் மகன், கேலிக்காரன். வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"டேப்போட பேசறியாமே? அது உனக்கு என்ன வேணும், அத்தை பொண்ணா?"

"சிரிக்காதே. நீயே திருப்பிச் சொன்னியே. நீ என்ன சொன்னேன்னு யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்துப் பார்த்தான். சொன்ன வாக்கியத்தை வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். அதோடு அவன் சிரிப்பு நின்றது.

திங்கட்கிழமைதோறும் பழைய பாடங்களைத் திரும்பப் போடுவது வழக்கம். டிசம்பருக்குள் கின் லே வாரம் ஒரு கேள்வியாகக் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு ஒரே கதவு. வீட்டில் இருக்கும்போது சாவியை எங்கே வைக்கிறான் என்று மார்கரெட்டுக்குத் தெரியாது, தேடாத இடமில்லை. ஜன்னல் ஒன்று திறந்திருக்கிறது, ஆனால் மூன்றாவது மாடி. ஒவ்வொரு வாரமும் மார்கரெட்டின் குரல் கொஞ்சம் தேய்ந்தது, நடுவே இருமல் வந்தது. வகுப்பு அந்த இருமலையும் திருப்பிச் சொன்னது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதிராளிக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று கூசி, தீப்பிடித்த வீட்டின் கதவைக்கூட மெல்லத் தட்டுவோம். அதற்கு ஆநாடே என்று பெயர். நல்ல குணம்தான், அதனால் கெட்டுப்போனவர்களும் நிறைய. கின் லே கேள்வி கேட்டது வரைக்கும் சரியாக இருந்தது. வயதில் மூத்த பெண்ணுக்கு யோசனை சொல்வது என்று வந்ததும் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டாள். ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுங்கள் என்பதுதான் யோசனை. புத்தகத்தில் மரியாதைச் சொற்கள் பக்கம் பக்கமாக இருந்தன, அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இடைவெளி வந்ததும் அவள் ஆரம்பித்தாள். "மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு மிகவும் வருந்துகிறேன், உங்களுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை என்றால்..."

ஐந்து நொடி முடிந்துவிட்டது. அடுத்து வந்தது டெனிஸின் குரல்.

"மார்கரெட், யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்?"

"மார்கரெட், யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்றது வகுப்பு, நாற்பது குரலில்.

"ஜன்னலுக்கு ஆணி அடிக்கப் போகிறேன்."

"ஜன்னலுக்கு ஆணி அடிக்கப் போகிறேன்" என்றது வகுப்பு. டோ தான் யின் குடைக் காம்பை மேசை மேல் வைத்துவிட்டு டேப்பை நிறுத்தினார். பதினாலாம் பாடத்தை அதற்குப் பிறகு அவர் போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஏன் என்று ஆசிரியையைக் கேட்பது கின் லே பிறந்த வீட்டிலோ படித்த பள்ளியிலோ நடந்த காரியம் அல்ல. அவள் கேட்கவில்லை. தன் மரியாதையே அந்தப் பெண்ணின் ஜன்னலை அடைத்துவிட்டது என்று நினைத்து நினைத்து அழுதாள்.

1988 ஜூன் மாதம் இருபத்திரண்டாம் பாடம் வந்தது. கடைத்தெருவில் பொருள் வாங்குவது எப்படி என்பது பாடம். புத்தகத்தில் ஒருவர் தொப்பி வாங்குவார். கேசட்டில் டெனிஸ் ஆணி வாங்கினான். கடைக்காரனிடம் தன் சாமர்த்தியத்தையும் அளந்தான். வீட்டுக்கு வந்ததும் சாவியைச் சமையலறையில் தேயிலை டப்பாவுக்குள் போட்டுவிடுவேன், அவள் காபிதான் குடிப்பாள், இந்த ஜென்மத்தில் அந்த டப்பாவைத் திறக்கமாட்டாள் என்றான். வகுப்பு அதைக் கம்பீரமாகத் திருப்பிச் சொன்னது. கின் லேயும் ஸோ டுன்னும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படியாவது பதினாலாம் பாடத்தை ஒரே ஒரு முறை போட வைத்துவிட்டால் போதும். வரும் திங்கட்கிழமை ஆசிரியையிடம் கேட்டே விடுவது என்று கின் லே மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். அதற்குள் செவ்வாய்க்கிழமையே நாட்டில் கலவரம் மூண்டு எல்லாக் கல்லூரிகளையும் மூடினார்கள். கேசட் அறைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் அரக்கு முத்திரையும் வைத்தார்கள். மூன்று வருஷம் அதைத் திறக்கவில்லை.

அந்த மூன்று வருஷத்தில் நடந்ததைச் சொல்ல நேரமில்லை, சொல்லிப் பயனும் இல்லை. கின் லே சந்தையில் மீன்குழம்பு சேமியா விற்கும் அம்மாவின் மொஹிங்கா கடையில் நின்றாள். நாடா ஓடினால்தான் அங்கே நாள் ஓடும், பயப்படாதே என்றான் ஸோ டுன். ஓடாவிட்டாலும் நாள் ஓடுமானால் அந்தப் பெண் ஆணி அடித்த ஜன்னலுக்குப் பின்னால் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டாள் கின் லே. அவன் போய் அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்து வந்தான். சாவி இருக்கும் இடத்தை ஐந்து நொடிக்குள் சொல்லி முடிக்க, நொடிமுள்ளைப் பார்த்து அவளைப் பழக்கினான். முதல் மழைக்காலத்தில் அவளுக்குப் பன்னிரண்டு நொடி ஆயிற்று. மன்னிக்க வேண்டும் என்பதை விட்டாள், ஒன்பது ஆனது. தயவுசெய்து என்பதை விடுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. பழக்கம் வரவேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடமே பழகினாள்.

"உக்காரு. சாப்பிடு. கிளம்பு."

"ஏண்டி, வர்ற ஜனங்கள நாய வெரட்டற மாதிரி வெரட்டற? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா. கெட்டாத்தான் வேலை ஆகும்."

கடைக்கு வியாபாரம் பாதியாகக் குறைந்தது. 1990 கடைசியில் ஸோ டுன் எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். போகிற அன்று கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்தான். அப்போது அவளுக்கு ஐந்தரை நொடி ஆகிக்கொண்டிருந்தது.

1991 மே மாதம் கல்லூரியைத் திறந்தார்கள். முத்திரையை உடைத்து உள்ளே போனபோது கேசட் அறையெங்கும் பூஞ்சை. மோல்மீன் மழையில் மூன்று வருஷம் மூடிக் கிடந்த அறை வேறு எப்படி இருக்கும். பத்துக் கேசட்டுகள் உதவாமல் போயிருந்தன. பதினாலாம் கேசட்டின் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நேரம் குறைவு என்பதால் இருபத்து மூன்றாம் பாடத்திலிருந்து தொடங்கப்போவதாக டோ தான் யின் அறிவித்தார். மற்ற எல்லோரும் புத்தகத்தைத் திருப்பினார்கள். கின் லே எழுந்து நின்று ஆசிரியையைக் கூப்பிட்டாள்.

"சாயாமா, பதினாலைப் போடுங்க."

ஆசிரியையிடம் மாணவி இப்படிப் பேசி அந்த வகுப்பு கேட்டதில்லை. யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள்.

"என்ன சொன்ன?"

"பதினாலு. இப்பவே போடுங்க."

டோ தான் யின் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது அவங்க வீட்டு வெவகாரம் மா கின் லே. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நடுவுல நாம போனா நல்லாவா இருக்கும்?"

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"பதினோரு வருஷமாத் தெரியும். கேசட் வந்த புதுசுல தனியா போட்டுக் கேட்டேன். யாராவது இருக்கீங்களான்னு கேட்டா. நான் பதிலே சொல்லல. கூச்சமா இருந்துச்சு." குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு சத்தமா ஏன் கத்த வச்சேன்னு நெனக்கிற? நாப்பது பேரு கத்தினா எனக்குக் கேக்காதுல்ல."

பிறகு எழுந்து போய் அந்தக் கேசட்டை எடுத்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பென்சிலால் சுற்றிச் சுற்றி, தெரிகிற நாடாவையெல்லாம் துடைத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு முறைக்கு மேல் இது தாங்காது என்றார். வகுப்பைப் பார்த்துக் கையை உயர்த்தி, ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்றார். பதினோரு வருஷத்தில் பாட நேரத்தில் அந்த அறை சும்மா இருந்தது அன்றுதான்.

நாடா சரசரத்துக்கொண்டு ஓடியது. வெகுநேரம் குரலே வரவில்லை. கின் லே கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்கும் அளவுக்கு, மார்கரெட் கேட்டாள். "யாராவது இருக்கிறீர்களா?"

இடைவெளி தொடங்கியது. மன்னிக்க வேண்டும் என்று தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்குவதற்கே ஒரு நொடி போயிற்று. பிறகு கின் லே கத்தினாள்.

"சாவி தேயிலை டப்பாவில். எடு. ஓடு!"

கடிகாரத்தில் ஐந்தாவது நொடி முடிந்தது. கேசட்டுக்குள் ஒரு தகர மூடி தரையில் விழுந்து உருண்டது. ஓடுகிற காலடி. பூட்டில் சாவி திரும்பியது, ஒருமுறை, இன்னொருமுறை. கதவு. படிக்கட்டு. தெருவில் எங்கோ சைக்கிள் மணி. உள்ளறையிலிருந்து டெனிஸ் வருவது கேட்டது. டப்பாவைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும், குரல் மாறியிருந்தது.

"என் சாவியைப் பார்த்தீர்களா?"

அடுத்த ஐந்து நொடி ஓடத் தொடங்கியது. படிக்கட்டு மூன்று மாடி, அவள் இன்னும் இறங்கியிருக்க மாட்டாள். கின் லே அதற்கென்று ஒரு வாக்கியமும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து அத்தனை குரலும் ஒன்றாக, கூரை அதிர, புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னது. அதை அவர்கள் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னது அந்த ஒரு முறைதான்.

"அலமாரி மேல் இருக்கிறது!"

"மிக்க நன்றி" என்றான் டெனிஸ். காலடி வேறு பக்கமாகப் போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறுகிற சத்தம் கேட்டது. டோ தான் யின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

நாடா அறுந்துவிடும் என்று சொன்னது பொய்த்துப்போயிற்று. இன்றைக்கும் அது ஓடுகிறது. டிசம்பரில் கல்லூரியை மறுபடி மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். 1999இல் கின் லே அதே துறையில் விரிவுரையாளர் ஆனாள். பதினாலாம் பாடத்தில் இப்போது டெனிஸ் மட்டும்தான் இருக்கிறான், சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான், வருஷா வருஷம் வகுப்பு அவனை அலமாரிக்கு அனுப்புகிறது. பரீட்சையில் மார்கரெட் எங்கே என்ற கேள்விக்கு, வெளியே போயிருக்கிறாள் என்று எழுதினால் முழு மதிப்பெண்.

முப்பத்தோராம் பாடம் ரயில் நிலையம். புத்தகத்தில் சீட்டு வாங்குகிறவர் ஒரு கிழவர். கேசட்டில் ஒரு பெண் வந்து, போக மட்டும் ஒரு சீட்டு, திரும்பி வர வேண்டாம் என்று கேட்கிறாள். நல்ல தெளிவான குரல், இருமல் இல்லை. கின் லே முதன்முதல் அந்தப் பாடத்தை நடத்திய காலையில், வகுப்பைக் கையமர்த்திவிட்டு டேப் அருகே போனாள். மூத்த பெண்ணை எடு, ஓடு என்று விரட்டியது எட்டு வருஷமாக அவளுக்கு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இடைவெளி தொடங்கியதும், மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தொந்தரவு தந்ததற்கு மிகவும் வருந்துகிறேன், உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் என்று ஆரம்பித்து, நீங்கள் நலமாகப் போய்ச் சேர வேண்டும் என்பது வரை, ஒரு மரியாதைச் சொல்லையும் விடாமல், நிதானமாகச் சொன்னாள். அவள் முடிக்கும் வரை அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. முடித்த பிறகுதான் சீட்டு கொடுப்பவர் வண்டி எத்தனை மணிக்கு என்று சொன்னார். துறையின் பொருள் பதிவேட்டில் முப்பத்தோராம் கேசட்டுக்கு நேரே, இடைவெளி பதினெட்டு நொடி என்று டோ தான் யின் ஓய்வு பெறும் முன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். மாணவர்கள் அதற்குள் இரண்டு முறை திருப்பிச் சொல்லிவிட்டு மிச்ச நேரம் சும்மா இருக்கிறார்கள்.