வெறும் கிளிக்

குழந்தைகள் அதுகள்பாட்டுக்கு இருக்க வேண்டும். கேமராக்காரி கேட்டது அவ்வளவுதான். ஓடட்டும், விழட்டும், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொள்ளட்டும், ஒருத்தன் முடியை ஒருத்தி பிடித்து இழுக்கட்டும். அவள் ஓரமாக நின்று எடுத்துக்கொள்வாள். அதற்காகத்தான் இந்தக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் நிற்கிற பெரியவர்களை எடுக்க விளக்கும் குடையுமாக வேறொரு ஆள் இருந்தார். இவளுக்குக் குழந்தைகள் மட்டும்.

நல்ல ஏற்பாடுதான். கல்யாணப் பெண்ணின் சித்தப்பா என்று ஒருவர் இல்லாமல் இருந்திருந்தால்.

காலையில் ஒரு பொடியன் அப்பாவின் பெரிய செருப்புகளைக் கையில் மாட்டிக்கொண்டு, நாற்காலி வரிசைக்கு நடுவே நாலுகாலில் போய்க்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு கவனம், ஏதோ பெரிய உத்தியோகம் பார்க்கிற மாதிரி. இவள் சத்தமில்லாமல் தரையில் படுத்து, கேமராவைக் கண்ணில் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் கண்ணா, எந்திரி. ஆன்ட்டி ஃபோட்டோ எடுக்கறாங்க பாரு. செருப்பக் கழட்டு. சிரி."

பொடியன் எழுந்தான். செருப்பைக் கழற்றினான். விறைப்பாக நின்று, இருக்கிற பல்லையெல்லாம் காட்டினான். கேமராக்காரி தரையிலேயே கிடந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அவன் விளையாடிட்டு இருந்தான். அதைத்தான் எடுக்க வந்தேன்."

"விளையாடிட்டே இருந்தா நீ எப்படிம்மா எடுப்பே? நான் நிக்க வச்சுத் தர்றேன், நீ கவலப்படாத."

நிற்க வைத்தும் தந்தார். மண்டபத்தில் இருந்த வாண்டுகளை எல்லாம் பொறுக்கி வந்து, உயரப்படி வரிசை கட்டி, கையைக் கீழே தொங்கப்போடச் சொல்லி, "எங்க, ஈ... ஈ..." என்று தானும் பல்லைக் காட்டினார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டையோடு விட்டுப்போகும். உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவரை என்ன செய்வது? அதோடு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வேறு. "சீக்கிரம் வந்து நில்லுங்கப்பா. எல்லா ஃபோட்டோவும் முடிஞ்சாத்தான் கார் கிளம்பும்."

இத்தனைக்கும் கேமராக்காரியின் மனசு பொடியன் மேலே இல்லை. அவளுக்கு அன்றைக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.

அலங்கார அறையில் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி வழியாகவே இவளைப் பார்த்துக் கல்யாணப் பெண் சொன்னாள். "மத்ததெல்லாம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். கடுகும் நானுமா ஒண்ணு வேணும்க்கா. அவளுக்குத் தெரியாம எடுங்க. தெரிஞ்சா ஓடிடுவா."

கடுகு என்பது அண்ணன் மகள். சிறுத்தாலும் காரம் குறையாத ஆள் என்று வீட்டில் வைத்த பெயர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஷிப்டு வேலை. ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது ஒருவர் கிளம்புவார். பிறந்ததிலிருந்து ஊட்டியது, தூங்க வைத்தது, முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விடப் பெரிதாக அழுதது எல்லாம் அத்தைதான். அந்த அத்தை இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்திலிருந்தே காரேறி விமான நிலையம் போகிறாள். மாப்பிள்ளைக்கு வேலை கடல் தாண்டி.

"கல்யாணம்னு பேச ஆரம்பிச்சதுலேர்ந்து எங்கூடப் பேச்சே இல்ல. பழைய படம் நிறைய வச்சிருக்கேன். ஆனா இப்ப முன்பல்லு விழுந்திருக்கு பாருங்க, அந்த மூஞ்சியோட ஒண்ணு வேணும். அங்க போய்ப் பாத்துக்க." பெண் சிரித்தபடியேதான் சொன்னாள். கண் மை கலையக் கூடாதே.

கேட்டதும் கேமராக்காரி வாக்குக் கொடுத்துவிட்டாள். "அதெல்லாம் எடுத்துடலாம், விடுங்க" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கடுகு லேசில் மாட்டுகிற ஆள் இல்லை. இவள் தூணுக்குப் பின்னால் போனால் அவள் தூணைச் சுற்றினாள். சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தால் தட்டைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அத்தை மேடையில் இருக்கும்போது அந்தப் பக்கமே வரவில்லை. கேமரா தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து நோட்டம் பார்ப்பதும், இவள் திரும்பினால் மறைவதுமாக இருந்தாள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கேமராக்காரியிடம் ஒரு வைத்தியம் உண்டு. கேமராவிலிருந்து, படம் பதிகிற கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். திரையை உள்பக்கமாக மடக்கிவிடுவாள். பிறகு சுவரை, நாற்காலியை, பிள்ளைகளை என்று கண்டபடி வெறும் கிளிக்காகத் தட்டிக்கொண்டே போவாள். முதலில் எல்லாம் ஓடிவரும், "காட்டுங்க, காட்டுங்க" என்னும். காட்ட ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் அதுகளுக்கே சலித்துப்போய் தங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விடும். அப்போது கார்டைப் போடுவாள், வேலையைத் தொடங்குவாள். குப்பைப் படங்களை அழிக்கிற வேலையும் மிச்சம்.

அன்றைக்கும் அப்படித்தான் சலிக்க வைத்தாள். பிறகு ஒழுங்காகக் கார்டைப் போட்டாள். இரண்டு சின்னப் பெண்கள் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்து ருசி பார்ப்பதை எடுக்கப் போனாள். வந்துவிட்டார் சித்தப்பா, பின்னால் புதிதாக ஒரு வரிசையுடன்.

"ஏம்மா, இவங்கல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் பசங்க. விட்டுப்போச்சு. ஒண்ணு எடு."

"சார், அந்த ஜன்னல்கிட்ட..."

"ஜன்னல் எங்கயும் போகாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிச்சுப்பாங்க."

அவள் பல்லைக் கடித்தாள். ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. சித்தப்பா அடுத்த வரிசைக்கு ஆள் சேர்க்கத் திரும்பிய இடைவெளியில் கார்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். நிறுத்துங்கள், எத்தனை வரிசை வேண்டுமானாலும் நிறுத்துங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். "ரெடி சார்" என்று தேனொழுகச் சொல்லிவிட்டு, டப்டப்பென்று வெறும் கிளிக்காக அடித்துத் தள்ளினாள். சித்தப்பாவுக்குப் பரம திருப்தி. பக்கத்தில் சாப்பாட்டு மேஜையின் விரிப்புக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடுகுதான். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தக் கோபத்திலேயே வேறு பக்கம் நடந்தாள்.

பந்தி முடிகிற நேரம். அலங்கார அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கல்யாணப் பெண் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து, பயணத்துக்காகத் தலையிலிருந்த ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சேலை முந்தானை தரையில் கிடந்தது. கடுகு உள்ளே போனாள். ஒரு வார்த்தை பேசாமல் அந்த முந்தானையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிடி, கசங்கிடும்."

"கசங்கட்டும்."

கேமராக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் ஒட்டினாள். கிளிக்.

"அப்ப இத எடுத்து விடு. எனக்குக் கை வலிக்குது."

கடுகு எழுந்து அத்தையின் முதுகில் சாய்ந்து ஒவ்வொரு ஊசியாக உருவினாள். உருவியதை எல்லாம் தன் கவுனில் வரிசையாகக் குத்திக்கொண்டாள். நடுவில் ஒன்று முடியில் சிக்க, அத்தை "ஆ" என்று கத்த, கடுகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு. விழுந்த பல்லின் சந்து வழியாகக் காற்று போகிற சிரிப்பு. அத்தை கழுத்தைத் திருப்பி அந்த முகத்தைப் பார்த்தாள். இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில். கடுகு நேராகக் கேமராவைக்கூட ஒருதரம் பார்த்தாள். ஓடவில்லை. கிளிக், கிளிக், கிளிக்.

காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு இது ஒன்று போதும் என்று கேமராக்காரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று மடக்கிய திரையைத் திறந்தாள்.

கார்டு இல்லை என்று சிவப்பாக எழுதியிருந்தது.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கார்டு அங்கே பத்திரமாக இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்கு வாய்க்குள்ளேயே போய்விட்டது, இவளே துப்பிவிட்டாள். சித்தப்பாவை ஏமாற்றக் கிளம்பிய புத்திசாலித்தனத்தை நினைத்துத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"வந்துடுச்சாக்கா?" கல்யாணப் பெண் மெதுவாகக் கேட்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

கேமராக்காரி வாயைத் திறந்தாள்.

"அதுல ஒண்ணும் விழல அத்தே" என்றாள் கடுகு. "கார்டு அந்த ஆன்ட்டி பையில இருக்கு."

பெண்ணின் முகம் சுருங்கியது. கேமராக்காரியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடுகிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"பாத்தேனே. அதனாலதான் வந்தேன். கார்டு இருந்தா வந்திருக்க மாட்டேன்."

"ஏம்மா? அத்தையோட ஒரு படம் எடுத்தா என்ன?"

கடுகு கவுனில் இருந்த ஊசி ஒன்றைக் கழற்றி மறுபடி குத்தினாள். "எல்லா ஃபோட்டோவும் முடிஞ்சாத்தான் கார் கிளம்பும்னு சின்னத் தாத்தா சொன்னாங்க. நான் நிக்கலேன்னா முடியாதுல்ல."

வெளியே நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம் கேட்டது. இந்த ஒரு பிள்ளை இவ்வளவு நேரமாகத் தனியாக ஒரு காரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் துரத்தித் துரத்திக் காரைக் கிளப்பப் பார்த்தவள் இவள்.

கல்யாணப் பெண் கடுகை இழுத்து முன்னால் நிறுத்தினாள். மை கலைவதைப் பற்றி இப்போது கவலைப்படவில்லை. "ஃபோட்டோ எடுத்தாலும் போவேன்டி. எடுக்காட்டியும் போவேன்."

"திரும்பி வருவியா?"

"லீவு கிடைக்கறப்ப வருவேன்."

"லீவு எப்ப?"

"தெரியலடா. தெரிஞ்சா சொல்லிடுவேன்."

கடுகு கவுனில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்தாள். அழவில்லை. பிறகு கேமராக்காரியைப் பார்த்து, பெரிய மனுஷி மாதிரி, "சரி, கார்டப் போடுங்க" என்றாள்.

கேமராக்காரி போட்டாள். சிவப்பு எழுத்து போய்விட்டதா என்று திரையையும் பார்த்துக்கொண்டாள். கடுகு அத்தையின் பக்கத்தில் போய் நின்றாள். விறைப்பாக. கைகளைக் கீழே தொங்கப்போட்டு. முகவாயைத் தூக்கி, "ஈ" என்று இருக்கிற பல்லையும் இல்லாத பல்லையும் காட்டினாள். சித்தப்பா சொல்லிக்கொடுத்த சிரிப்பு, அச்சுப் பிசகாமல். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

இயல்பா இரும்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை வருஷப் பழக்கம். அதை விழுங்கிக்கொண்டு ஒன்று எடுத்தாள். அன்றைக்கு அவள் எடுத்ததிலேயே படுமோசமான படம் அதுதான். யாரிடமும் வேலை கேட்டுப் போகும்போது காட்ட முடியாது. கல்யாணப் பெண் எழுந்து வந்து திரையில் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொன்று எடுக்கக் கேமரா உயர்ந்தபோது கடுகு கையை நீட்டித் தடுத்தாள். இளித்த வாய் இளித்தபடியே இருந்தது, அதற்குள்ளிருந்தே பேசினாள்.

"எல்லாத்தையும் எடுத்துடாதீங்க ஆன்ட்டி. கொஞ்சம் பாக்கி இருக்கட்டும்."

கதவைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா தலையை நீட்டினார். கடுகு நிற்கிற அழகைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாத்தியாம்மா, நிக்க வச்சா எவ்வளவு லட்சணமா இருக்குன்னு. இதத்தானே காலையிலேர்ந்து தலப்பாடா அடிச்சுக்கறேன். சரி, எல்லாம் முடிஞ்சுதா? கார் நிக்குது."

கேமராக்காரி கார்டை வெளியே எடுத்து, அதன் பெட்டியில் வைத்து மூடினாள்.

"இல்ல சார்" என்றாள். "இன்னும் பாக்கி இருக்கு."

கடுகு அப்போதுதான் வாயை மூடினாள்.